விற்கிற நாள் எது?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)



நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் கிரிக்கெட்டுக்கு அடுத்தபடியாக ஓடுவது ஷேர் மார்க்கெட் பேச்சுதான். பதினெட்டு வயது முடிந்தால் டீமேட் கணக்கு, கையில் செல்போன், அவ்வளவு போதும். "மச்சான், ஏறுற ஷேரைப் பாத்து வாங்கு, நாலு நாள்ல வித்துடு!" இதற்கு மொமண்டம் டிரேடிங் என்று பெயராம். கூட்டத்தோடு ஏறி, கூட்டத்துக்கு முன்னால் இறங்குகிற வித்தை. ஏறுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இறங்குவது எப்போது என்று கேட்டால் ஒருத்தனும் வாயைத் திறப்பதில்லை.

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அம்மா ஆடு வளர்த்துத்தான் என்னைச் சேர்த்தார். ஆட்டை எப்போது விற்பது என்று எப்படித் தெரியும் என அவரிடம் கேட்டேன். "குட்டி வாங்கையிலயே தெரியும்டா. பக்ரீத்துக்கு முன்னாடி வித்துறணும். இன்னும் ஏறும்னு வச்சிருந்தா மறுநாள் கேக்க ஆள் இருக்காது" என்றார்.

ஷேரிலும் அதே கணக்குதான். 100 ரூபாய்க்கு வாங்கும்போதே, 93க்கு இறங்கினால் விற்பேன் என்று எழுதி வைக்க வேண்டும். 120க்கு ஏறினால் அந்த வரம்பையும் 112க்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். இதுதான் ஸ்டாப் லாஸ். ஆனால் சின்னக் கம்பெனி ஷேர் லோயர் சர்க்யூட்டில் மாட்டினால் ஸ்டாப் லாஸும் உதவாது. விற்க ஆயிரம் பேர், வாங்க ஆள் கிடையாது.

நம் ஊருக்கு இது புதிதல்ல. கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளைப் பஸ்ஸிலிருந்து பார்க்கிறோமே, அவற்றில் பல பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் கட்டியவை. நிலத்தின் பேரில் கடன் கொடுத்தார்கள். 1930இல் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, நிலம்தான் வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் 25 சதவீதம்! கொடுத்த கடனுக்கு ஈடான விலையில் அதை வாங்க ஆளில்லை. 1942இல் ஜப்பான் படை வந்தது. 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. வட்டிக் கணக்கை விரல் நுனியில் வைத்திருந்தவர்களுக்கே இந்தக் கதி.

செபி 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23இல் அன்றன்றே ஷேர் வாங்கி விற்ற தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டப்பட்டார்கள். முப்பது வயதுக்குக் கீழே 76 சதவீதம். நம்மைத்தான் சொல்கிறார்கள்!

"உதவித்தொகை வந்துருச்சுல்ல, போடுடா" என்றான் அறைத்தோழன். நான் போடவில்லை. பயம் மட்டும் காரணம் இல்லை. அது பரீட்சைக் கட்டணப் பணம். கடைசித் தேதி வந்தால் என்ன விலையானாலும் விற்றாக வேண்டும். அப்போது விற்கிற நாளைக் குறிப்பது நானா, ஆபீஸ் நோட்டீஸ் போர்டா?

இப்போதைக்கு லேப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வாங்கி விற்கிறேன். மூன்று மாதத்தில் 14 தடவை. ஒன்பதில் நஷ்டம், ஐந்தில் லாபம். கூட்டிக் கழித்தால் 210 ரூபாய் மிச்சம். தரகும் வரியும் இன்னும் கழிக்கவில்லை.