வார்டில் சொல்லிக்கொடுத்தவர்கள்

செப்டம்பர் முதல் வாரம் வந்துவிட்டால் மருத்துவமனைகளில் தேசிய ஊட்டச்சத்து வாரம் களைகட்டும். 1982 முதல் நடந்துவரும் வழக்கம் இது. தானியங்களால் கோலம், சிறுதானியச் சமையல் போட்டி, வெளிநோயாளிகளுக்கு ஒரு சொற்பொழிவு, கடைசி நாளில் பரிசளிப்பு. அந்த வாரத்தின் ஐந்தாம் நாள் ஆசிரியர் தினம். கல்லூரியில் பாடம் எடுத்தவர்களுக்கு அன்று பூச்செண்டும் வாழ்த்து அட்டையும் போகும். மருத்துவமனைச் சமையலறைக்கும் வார்டுக்கும் நடுவே, பயிற்சிக்கு வந்த பிள்ளைகளைப் பின்னால் அழைத்துக்கொண்டு நடக்கும் மூத்த டயட்டீஷியனுக்கோ அது இன்னொரு வேலை நாள்தான். அவரும் ஓர் ஆசிரியர் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. இந்தத் துறையிலேயே தலை நரைத்தவள் என்ற உரிமையில் அவரைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

உணவியல் படிப்பவர்கள் படிப்பை முடிக்கும் கட்டத்தில் சில மாதங்கள் மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப் செய்கிறார்கள். இந்திய உணவியல் சங்கம் நடத்தும் பதிவுத் தேர்வை எழுதுவதற்கும் அந்தப் பயிற்சி வேண்டும். வரும்போது அவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. இந்த நாட்டில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கு நூறாண்டு தாண்டிய வரலாறு உண்டு. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுதான் வளர்ந்து, ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. குன்னூரில் அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் 1937-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். 2017-ல் வந்த புதிய அட்டவணை 528 உணவுப் பொருள்களை அலசியிருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் கால்சியம் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தப் பிள்ளைகள் சொல்வார்கள்.

ஆனால் எதிரே கட்டிலில் உட்கார்ந்திருக்கும் மனிதர் காலையில் குடித்துவிட்டு வந்த கூழில் எவ்வளவு கேழ்வரகு, எவ்வளவு தண்ணீர்? அது எந்த அட்டவணையிலும் கிடைக்காது. அவரிடம்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதைச் சொல்லிக்கொடுக்கத்தான் வார்டில் ஒருவர் வேண்டியிருக்கிறது.

என்னோடு பணியாற்றிய ஒரு மேடத்தைச் சொல்கிறேன். வயதில் என்னைவிட இளையவர். சொல்லிக்கொடுப்பதில் எனக்கே மூத்தவர். அவருடைய கைப்பையில் 150 மில்லி, 200 மில்லி டம்ளர்களும் இரண்டு மூன்று அளவுக் கரண்டிகளும் எப்போதும் கிடக்கும். ஒரு முறை டயாலிசிஸ் பிரிவில் அவருடைய மாணவி ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே அவருக்கு மூன்று கிலோ எடை ஏறியிருந்தது. உடம்பில் தேங்கும் ஒரு லிட்டர் நீர், எடை மேடையில் ஒரு கிலோவாக நிற்கும். "ஐயா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்றாள். "அரை லிட்டர் பாட்டிலைத் தாண்ட மாட்டேம்மா" என்றார். 500 மில்லி என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "காலையில எழுந்ததும் என்னய்யா சாப்பிடுவீங்க?" காபி. "எந்த டம்ளர்ல? இதுலயா, இதைவிடப் பெருசா?" பெரிய டம்ளரைக் காட்டினார் பெரியவர். பத்து மணிக்கு மேல் கஞ்சி. மதியம் சோற்றுக்கு ரசம், கொஞ்சம் தளர ஊற்றினால்தான் தொண்டையில் இறங்குமாம். முடிவில் மோர். சாயங்காலம் மறுபடி காபி. ராத்திரி இட்லி முங்கும் அளவுக்குச் சாம்பார். வெயில் கடுமையாக இருந்தால் ஓர் இளநீர். மாணவி கூட்டிக்கொண்டே வந்தாள். பாட்டில் தண்ணீரையும் சேர்த்தால் கணக்கு இரண்டு லிட்டரை நெருங்கியது.

இளநீர் என்று கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. இளநீரில் நிறைந்திருக்கும் பொட்டாசியம் சிறுநீரகம் செயலிழந்தவரின் உடம்பில் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறிவிடும் என்று படித்திருக்கிறாளே! படபடவென்று ஏதோ சொல்லப் போனவளை மேடம் பார்வையாலேயே அமர்த்தினார். பெரியவரின் மனைவியை அருகே அழைத்து, இளநீரை ஏன் அறவே நிறுத்த வேண்டும் என்பதை நிதானமாகச் சொன்னார். காபிக்குச் சின்ன டம்ளர், கஞ்சிக்குப் பதில் கெட்டியான ஏதாவது, ரசம் இரண்டு கரண்டியோடு சரி. அந்த அம்மாவைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

வெளியே வராந்தாவுக்கு வந்த பிறகுதான் மாணவியிடம் பேசினார். "அவர் பொய் சொல்லலைம்மா. நீ கேட்டதுக்குப் பதில் சொன்னார். ரசத்தை நீ கேட்கவே இல்லையே." அவ்வளவுதான். நோயாளி எதிரில் ஒரு வார்த்தை திட்டில்லை, ஏளனமில்லை. மறுநாளிலிருந்து அந்தப் பெண் நின்றுகொண்டு கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள். ஸ்டூல் தேடினாள்.

அன்று அந்த ஒரு நோயாளிக்கு முக்கால் மணி நேரம் போயிற்று. தனியாக வந்திருந்தால் மேடம் கால் மணியில் முடித்திருப்பார். சொல்லிக்கொடுப்பதன் விலை இதுதான். அன்றைக்குப் பார்க்க வேண்டிய மற்ற கேஸ் ஷீட்டுகள் எதுவும் குறைந்துவிடவில்லை. ட்யூப் ஃபீட் நேரத்துக்குப் போயாக வேண்டும், சமையலறையில் உப்பில்லாத சாம்பாரும் உப்புப் போட்ட சாம்பாரும் இடம் மாறாமல் பார்க்க வேண்டும், மருத்துவர்களோடு ரவுண்ட்ஸ் போக வேண்டும். மாணவிக்குக் கொடுத்த நேரத்தை அவர் தன் மதியச் சாப்பாட்டிலிருந்தும், வீட்டுக்குப் போகும் நேரத்திலிருந்தும்தான் எடுத்தார். இதைப் பெரும்பாலும் யாரும் கணக்கு வைப்பதில்லை.

நேரத்தைவிடப் பெரிய சுமை பொறுப்பு. மாணவி எழுதிய சார்ட்டில் கையெழுத்துப் போடுபவர் இவர். பல நாள் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக வரும் ஒருவரைப் பார்த்தால், வயிறு நிறையக் கொடுத்துவிடத்தான் இளம் மனசு துடிக்கும். அப்படிக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் சடாரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். இரண்டாம் உலகப் போர் முடிவில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள் பலர், இரக்கத்தோடு கொடுக்கப்பட்ட சாப்பாட்டாலேயே இறந்துபோனார்கள். தயமின் கொடுத்து, கொஞ்சத்தில் தொடங்கி, இரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். சோடியம் குறைந்த உப்பும் இப்படித்தான். இரத்தக் கொதிப்புக்காரருக்கு நல்லது என்று கடையில் விற்கும் அந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரக நோயாளிக்கு அதை எழுதிக்கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? மாணவியின் பேனா காகிதத்தைத் தொட்ட பின், அது நோயாளியின் தட்டைத் தொடும் முன், நடுவில் நிற்கும் ஒரே ஆள் இந்த மேடம்.

நல்ல மேடங்களிடம் நான் பார்த்த இன்னொரு பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். பயிற்சிக்கு வந்த பிள்ளையை உப்பில்லாச் சாப்பாட்டை ஒரு வேளை முழுதாகச் சாப்பிட வைப்பார்கள். முதல் வாயிலேயே அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், "உப்பைக் குறைங்க" என்று வாயால் சொல்வது எத்தனை சுலபம் என்று. அதன் பிறகு அவளே எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லி, வறுத்த சீரகம் என்று வழி தேடுவாள். ஊறுகாயையும் அப்பளத்தையும் விட முடியாமல் தவிக்கும் கிழவரிடம் கோபப்படுவதை நிறுத்துவாள். புத்தகம் இதைத் தராது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். மாணவிகளைச் சம்பளமில்லாத வேலையாட்களாக வைத்து, ட்ராலியை எண்ணவும் படிவத்தை நிரப்பவும் விட்டு, கடைசி நாளில் சான்றிதழைக் கையில் திணிக்கும் மருத்துவமனைகளையும் பார்த்திருக்கிறேன். பயிற்சிக் கட்டணம் வாங்கும் இடங்களும் உண்டு. அந்தப் பணத்தில் சொல்லிக்கொடுப்பவருக்கு ஒரு பங்கு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. சான்றிதழில் நிர்வாகத்தின் கையெழுத்து இருக்கும், முத்திரை இருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து ரசத்தைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. இது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

அமெரிக்காவில் ஒருவர் டயட்டீஷியன் ஆக, மேற்பார்வையில் குறைந்தது 1000 மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும். அந்தப் பயிற்சியைக் கொடுக்கும் மூத்தவருக்கு, அவருடைய பதிவைப் புதுப்பிக்கத் தேவைப்படும் தொடர்கல்விப் புள்ளிகளில் இதுவும் சேரும். பெரிய சலுகை ஒன்றும் இல்லை. ஆனால் சொல்லிக்கொடுப்பதும் தொழிலின் ஒரு பகுதி என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்காக 2021-ல் வந்த தேசிய ஆணையச் சட்டம், மற்றத் துறைகளோடு ஊட்டச்சத்து வல்லுநர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. பாடத்திட்டமும் பயிற்சியும் ஒழுங்குக்கு வரும் இந்த வேளையில் வழிகாட்டியின் நேரத்துக்கும் ஓர் இடம் கொடுத்துவிட வேண்டும். மாணவிகள் இருக்கும் மாதங்களில் அவருக்கு வார்டைக் குறையுங்கள். சான்றிதழில் அவர் பெயரைப் போடுங்கள். கல்லூரிப் பேராசிரியர்கள் கடிதம் அனுப்புவதோடு நிற்காமல், பயிற்சி நடக்கும்போது ஒரு முறையாவது நேரில் வந்து அவரோடு உட்கார்ந்து பேசட்டும். சால்வையும் கேடயமும் இதற்குப் பிறகு வந்தால் போதும்.

பயிற்சி முடித்துப் போகும் பிள்ளைகள் கூட்டாகக் காசு போட்டுப் புடவை வாங்கிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அன்பு அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வருடம் கழித்து ஒரு பழைய மாணவி போன் செய்து, "மேடம், ஒரு கேஸ், எனக்குப் புரியலை, இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டபோது அந்த மேடத்தின் குரலில் வந்த உற்சாகத்தை எந்தப் புடவைக்கும் நான் கண்டதில்லை.

எங்கோ ஒரு மருத்துவமனையில் இப்போது உணவியல் பிரிவின் பொறுப்பில் இருக்கும் தங்கையே, உனக்குத்தான் கடைசியாக ஒரு வார்த்தை. அடுத்த பருவத்து மாணவிகளைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கும். ஆள் பற்றாக்குறை, வேலைச் சுமை, எல்லாம் உண்மைதான். உன்னைச் சேர்த்துக்கொண்ட வருடத்திலும் அவை இருந்தன. இந்த முறை சரி என்று பதில் எழுது. அந்தப் பிள்ளைகள் வந்து சேரும் முதல் நாளில், உனக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்பதையும் அவர்களிடம் பெயரோடு சொல்.