மாமாவின் காற்றுத் துவக்கு

மாமா கப்பல் வேலையை விட்டுத் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தபோது, அவர் பெட்டிக்குள் இருந்தவற்றில் என் கண் போய் நின்றது ஒன்றில்தான்: மீன் சுடுகிற துவக்கு. ஜெனோவாவில் வாங்கியது. அந்தத் துறைமுகத்துக்குக் கிழக்கே ரப்பல்லோ என்றொரு கடற்கரை ஊர். 1949இல் லுடோவிகோ மாரெஸ் அங்கே தொடங்கிய கம்பனியின் ‘ஸ்டென்’ அது. எனக்குத் தெரிந்த சுழியோடிகள் கை மண்டாவும் ரப்பர் பூட்டிய துவக்கும்தான் வைத்திருந்தார்கள். காற்றால் சுடுகிற துவக்கை நான் கண்டதேயில்லை.

பின்பக்க வால்வில் கைப்பம்பைத் திருகி நூற்றுக்கணக்கான தரம் அடிக்க வேண்டும். 20 பார் அளவுக்கு அழுத்தம் ஏறும். கார் டயரில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு. அடித்து முடிக்கத் தோள் கழன்றுவிடும். ஒவ்வொரு சூட்டுக்கும் இந்தக் காற்று வெளியேறும், நாளைக்கும் அடிக்க வேண்டிவரும் என்று நினைத்துக் கலங்கிப்போனேன். நாட்கள் போயின, மாமா பம்பைத் தொடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் சுடுவதைத் தண்ணீருக்குள் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

காரணம் கேட்டேன். விறாந்தையில் பேப்பரை விரித்துத் துவக்கைக் கழற்றத் தொடங்கினார். முதலில் வால்வை ஊசியால் அழுத்தி, சீறல் அடங்கும்வரை காற்றை இறக்கினார். காற்று இருக்கும்போதே முன்வாயைத் திருகினால் உள்ளே இருப்பது முகத்துக்குப் பாயும். பருத்த வெளிக்குழாய்தான் காற்றுத் தாங்கி. அதனுள்ளே 13 மில்லிமீட்டர் விட்டத்தில் ஓர் ஒடுங்கிய குழாய். அதில் ஓடுகிற பிஸ்டனுக்கு எண்ணெய் பூசிய ரப்பர் வளையங்கள், வாலில் ஒரு குமிழ். கம்பியை வாய்க்குள் செருகித் தள்ளினால் பிஸ்டன் பின்னால் போகிறது. அதற்குப் பின்னுள்ள காற்று தாங்கிக்குள் நெருங்கி இறுகுகிறது. கடைசியில் வால்குமிழைக் கொளுக்கி கவ்விக்கொள்கிறது. விசையை இழுத்தால் கொளுக்கி விடுகிறது. பிஸ்டன் கம்பியை உந்திவிட்டு முன்வாயில் மோதி நிற்கிறது. காற்று எங்கும் போவதில்லை.

“அடைச்ச காத்து சும்மா காவல் நிக்குது, மருமோன். சுடுறது நீ தள்ளின தள்ளுத்தான்.”

அந்த வயதில் என்னை அப்படி உலுக்கிய பேச்சு வேறில்லை. அந்தக் குழாயில் 20 பார் என்றால் பிஸ்டன் ஏறக்குறைய 27 கிலோ பாரத்தோடு எதிர்த்து நிற்கும். உள்ளே போகப் போக இன்னும் கூடும். மாமா இடுப்பளவு தண்ணீரில் துவக்கின் அடியைக் காலில் ஊன்றி, கம்பி முனையில் கைபிடியைப் பொருத்தி, முழு உடம்பாலும் அமுக்குவார். உள்ளே ‘டக்’ என்று கேட்கும். தண்ணீருக்கு வெளியே சுட விடமாட்டார்; குழாயில் தண்ணீர் நின்று தடுக்காவிட்டால் பிஸ்டன் முன்வாயை உடைத்துவிடும்.

ரப்பர் துவக்கு சத்தம் போடாது, பழுதுபார்ப்பதும் சுலபம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் முருகைக்கல் பொந்துக்குள் கலவாயைத் தேடுகிறவருக்குக் கட்டையான துவக்கு வேண்டும். கட்டையான நீளத்துக்குள் அவ்வளவு வலுவைக் காற்றுத்தான் தரும். பிடியருகே ஒரு நெம்பும் இருந்தது. அதைத் திருப்பினால் தாங்கியின் பெரும்பகுதி அடைபட்டு, மிஞ்சிய கொஞ்சக் காற்று சட்டென்று விரிந்து தளர்ந்துவிடும். சூடு மெதுவாகும், கல்லில் பட்டாலும் முனை மழுங்காது.

இன்று இலங்கையில் துவக்கால் மீன் சுடுவது தடை. அது நியாயம். கலவாய் ஒரே பொந்தில் நெடுங்காலம் குடியிருக்கும். பெண்ணாக வளர்ந்து, பெருத்த பிறகு ஆணாக மாறுகிற இனங்கள் அதில் பல. பெரியதாகப் பார்த்துச் சுடச் சுட, அந்த முருகைக்கற்பாரில் ஆண் மீன் அற்றுப்போகும்.

நானும் சுட வேண்டும் என்று அடம்பிடித்தேன். மாமா காற்றில் பாதிக்கு மேல் இறக்கிவிட்டுத் துவக்கைத் தந்தார். மூச்சைப் பிடித்துத் தள்ளினேன். இரண்டு முறை வழுக்கியது, பிறகு ‘டக்’. வெறும் மணலைப் பார்த்துச் சுட்டேன். கம்பி நாலைந்து முழம் போய்க் குத்திக்கொண்டது. மாமா நூலைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: “காத்தைக் கூட்டுவமா?”