கிண்டி மாமா

குதிரைப் பந்தயம் சூதாட்டமில்லை, திறமை சார்ந்த விளையாட்டுன்னு 1996-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. மாமா அதை அத்தைகிட்ட சொல்லிக் காட்டாத நாளே கிடையாது :-)

அவர்தான் என்னை கிண்டிக்குக் கூட்டிட்டுப் போனார். ஜாக்கி யாரு, குதிரை எத்தனை கிலோ சுமக்குது, போன ரேஸ்ல எப்படி ஓடுச்சுன்னு ரேஸ் புக்கைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிப்பார்.

ஒருநாள் அவருக்குத் தெரியாம, செமஸ்டர் பீஸை அப்படியே பேவரிட் மேல வின்னுக்குக் கட்டினேன். தலை வித்தியாசத்துல ரெண்டாவது! ப்ளேஸ் கட்டியிருந்தாலாவது தப்பிச்சிருப்பேன்.

மாமா திட்டலை. மறுநாள் மோதிரத்தை அடகு வெச்சு பீஸ் கட்டினார். அன்னியோட பணம் கட்டறதை விட்டாச்சு. குதிரை பாக்கறதை விடலை.

2024 செப்டம்பர்ல குத்தகையை ரத்து பண்ணி கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு அரசு சீல் வெச்சப்ப, மாமாவுக்குப் போன் பண்ணேன். "குதிரைங்க எல்லாம் எங்கடா போகும்?"னு மட்டும்தான் கேட்டார்.