கோடு போட்ட டோக்கன்

'அப்பாவுக்கு முட்டி வலி சார். எங்கேயும் வெளியே போறதில்லை. பஸ் டோக்கன் சும்மா கிடந்து வீணாகுது. அதான் நான் யூஸ் பண்ணிக்கறேன். கூட்டத்துல கண்டக்டரும் கண்டுக்கறதில்லை!'

டீக்கடையில் ஒரு நண்பர் சொன்னது இது. குரலில் துளிக்கூடக் கூச்சம் இல்லை. அப்பாவின் பங்கு ரேஷன் சர்க்கரையைக் காபியில் போட்டுக்கொள்வது மாதிரி, இதுவும் அவருக்குக் குடும்பச் சொத்து.

சென்னை மாநகரப் பேருந்துகளில் 60 வயது நிறைந்தவர்களுக்கான இந்த இலவசப் பயணம் 2016 பிப்ரவரியில் தொடங்கியது. வயதுக்கும் முகவரிக்கும் சான்று கொடுத்தால், போட்டோ ஒட்டிய அடையாள அட்டை. மாதத்துக்கு 10 டோக்கன். ஏ.ஸி. பஸ்ஸில் மட்டும் செல்லாது.

பத்தா, தாராளமாச்சே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே பஸ்ஸில் போகிறவர் 5 தடவை போய்வரலாம். நடுவில் பஸ் மாறுகிறவருக்கு ஒரு தடவை போய்வரவே 4 டோக்கன். சுகர் மாத்திரைக்காக அரசு ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனால் மிச்சம் 2. மூன்றாவது தடவை போகலாம். திரும்பி வரக் கையில் காசு வேண்டும்!

நான் பி.காம். படித்தவன். அதனால் எனக்கு செக் ஞாபகம் வருகிறது. பேரர் செக்கை யார் நீட்டினாலும் பணம் கிடைக்கும். மூலையில் இரண்டு கோடு போட்டு 'அக்கவுன்ட் பேயீ' என்று எழுதிவிட்டால், உரியவர் கணக்குக்குத்தான் போகும். டோக்கன் மட்டும் இருந்தால் அது பேரர் செக். கூடவே போட்டோ அட்டையையும் பார்த்தால்தான் அது கோடு போட்ட செக்.

தென்கொரியாவின் சியோல் நகரிலும் இதே தலைவலி உண்டு. அங்கே 1984-லிருந்து 65 வயதானவர்களுக்கு மெட்ரோ ரயில் இலவசம். அப்பா அம்மா கார்டில் பிள்ளைகள் பயணம் செய்து மாட்டினால், கட்டணத்தோடு அதைப்போல 30 மடங்கு அபராதம். முதியோர் கார்டை வைத்தால் கேட்டில் எரிகிற விளக்கின் நிறமே வேறு. இருபத்தைந்து வயசுப் பையன் நுழையும்போது அந்த விளக்கு எரிந்தால், ஊழியருக்குப் புரிந்துவிடும்.

நம் பஸ்ஸில் கேட்டும் இல்லை, விளக்கும் இல்லை. கண்டக்டரின் கண்தான் எல்லாம். அவர் சிலரிடம் மட்டும் அட்டை கேட்டால் அது சந்தேகம். எல்லோரிடமும் கேட்டால் அது நடைமுறை. வேட்டி கசங்கிய பெரியவரிடம் மட்டும் அதட்டிக் கேட்பதும், இஸ்திரி மடிப்போடு வருகிறவரை விட்டுவிடுவதும்தான் தப்பு.

வீடுகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பெரியவர் காலமாகிவிட்டால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் வெளியே போகவில்லையென்றால் டோக்கன் அப்படியே கிடக்கட்டும். கிடக்கிற டோக்கனால் யாருக்கும் நஷ்டமில்லை. 'பாதிப் பேர் ஏமாத்தறாங்க' என்று நாளைக்கு ஒரு ஃபைலில் ஏறினால், வெட்டு விழுவது ஏமாற்றியவர் மேல் இல்லை. மாத்திரைப் பையோடு ஸ்டாப்பில் நிற்கிற நிஜத் தாத்தா மேல்.

ஆகவே பெரியவர்களே, கண்டக்டர் அட்டை கேட்டால் 'என் நரையைப் பார்த்தா தெரியலையா?' என்று கோபப்படாதீர்கள். அவர் உங்கள் டோக்கனுக்கு இரண்டு கோடு போடுகிறார். அவ்வளவுதான்!