மரத்திற் குறைத்த பாரம்

பாரம் என்பது சுமப்பவனுக்கு எக்காலத்தும் பகையாகவே தோன்றுவது. அதிலும் படைவீரனின் தோளில் நாள் முழுதும் தொங்கும் றைபிளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. முகாமிலிருந்து புறப்படும்போது நான்கு கிலோகிராம் நிறுத்த துப்பாக்கி, இருபதாவது மைலை எட்டும்போது நாற்பது கிலோகிராமாகக் கனக்கும். வார் பதிந்த இடம் கன்றிச் சிவக்கும். அந்நிலையில், ‘இதிற் சிறிதளவேனும் குறைக்க முடியாதா?’ என்று மனிதன் எண்ணுவது இயல்பேயாகும்.

ஆயின் எதைக் குறைப்பது? குழலையும் தாழையும் எளிதில் தொடமுடியாது. வெடிமருந்து தீப்பற்றும் கணத்தில் எழும் பேரமுக்கத்தைத் தாங்கிநிற்பவை அவை. அங்கு ஒரு மயிரிழை தவறினும் சுடுபவனின் முகமே சிதைந்துவிடும். எனவே உளி மரத்தையே நாடுகின்றது. இளகிய இரும்பைக் கண்டாற் கொல்லன் ஓங்கி ஓங்கி அடிப்பான் என்பர். இங்கு இளகியது இரும்பன்று, மரம்.

அம்மரமோ வெறும் கைப்பிடி அன்று. பிரித்தானியப் படையினர் இரண்டு உலகப் போர்களிலும் ஏந்திய லீ என்பீல்ட் றைபிளை எடுத்துக்கொண்டால், அதன் மரப்பாகம் இரு கூறாக அமைந்திருப்பதைக் காணலாம். தோளில் ஊன்றப்படும் பின்பகுதி பிடங்கு. குழலைக் கீழிருந்து தாங்கும் முன்பகுதி முன்கட்டை. வால்நட், பீச் முதலிய வன்மரங்களிற் கடைந்தெடுத்து, ஆளிவிதை எண்ணெய் ஊட்டிப் பதப்படுத்தப்பட்டவை இவை. மனிதரின் கைகள் ஒரே நீளமானவை அல்லவாதலின், பிடங்கும் குறியது, நடுத்தரமானது, நெடியது எனப் பல அளவுகளிற் செய்யப்பட்டது. இரும்பு எல்லோர்க்கும் பொதுவாக இருக்க, மரமே தனிமனிதனின் உடலளவை மதித்து அவனோடு பொருந்திற்று எனலாம்.

இத்தகைய பிடங்கொன்றை முன்னே வைத்துக்கொண்டு அமரும் தச்சன் முதலிற் செய்வது யாது? அவன் வெளிப்புறத்தைத் தொடுவதில்லை. பிடங்கின் முடிவிலுள்ள உலோகத் தகட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே துறப்பணத்தாற் குடைகின்றான். தகட்டை மீண்டும் பூட்டிவிட்டாற் குடைந்த சுவடே தெரியாது. பழைய இராணுவ றைபிள்கள் சிலவற்றிலும் இம்முறை கையாளப்பட்டுள்ளது. லீ என்பீல்டின் பிடங்கில் எண்ணெய்க் குப்பியும் குழலைத் துடைக்கும் கயிறும் உறங்குவதற்கென்றே ஒரு பொந்து உண்டு; அதற்குச் சிறு கதவும் உண்டு.

குடைந்ததனாற் பெற்ற பயனைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். 2.5 சென்ரிமீற்றர் விட்டமும் 15 சென்ரிமீற்றர் ஆழமும் உடைய துளையொன்றிலிருந்து வெளிப்படும் மரத்தூள், வால்நட் மரமாயின், ஏறத்தாழ 48 கிராமே நிறுக்கும். இரண்டு துளைகள் இட்டாலும் நூறு கிராமை எட்டாது. நான்கு தோட்டாக்களின் நிறை என்று கொள்ளலாம். அரைநாள் உழைப்பின் பேறு இவ்வளவே. அன்றியும், பின்புறம் இலேசானதும் துப்பாக்கி முன்புறம் சாயத் தொடங்குகின்றது. அதுவரை இரு கைகளுக்கும் நடுவே அமைதியாக நின்ற சமநிலை குலைந்து, முன்கையே கூடுதலாகச் சுமக்கின்றது. தராசிற் குறைந்தது கையில் கூடிற்று.

இனி, பக்கங்களைச் சீவி மெலியச் செய்யலாம். ஆனால் எங்கும் சீவலாகாது. கை பற்றும் கழுத்துப் பகுதியே மரத்தின் மிக ஒடுங்கிய இடம். அங்கு மரநார்கள் நேராக ஓடவேண்டும். நார் குறுக்கே ஓடும் கழுத்தைச் சீவினால், ஒருநாள் கீழே விழும்போது அங்கேதான் முறியும். முன்கட்டையிலும் அவ்வாறே. குழல் மரத்தில் எங்கு படிகின்றது, எவ்வளவு அழுத்தத்தோடு படிகின்றது என்பதைப் பொறுத்தே குறி அமைகின்றது. மெலிந்த மரம் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி முறுக்கிக்கொள்ளுமாயின் குழலையும் ஒருபுறம் தள்ளிவிடும். எனவே தேர்ந்த தச்சனின் திறமை எங்கே சீவுவது என்பதிலும் பார்க்க, எங்கே உளியைக் கீழே வைப்பது என்பதிலேயே தங்கியுள்ளது.

இவையெல்லாம் கைகூடின என்றே வைத்துக்கொள்வோம். மரத்திலிருந்து நீங்கிய பாரம் எங்கே போகின்றது?

தாக்கத்திற்குச் சமமான மறுதாக்கம் உண்டென்பது நியூற்றன் வகுத்த விதி. லீ என்பீல்டிலிருந்து ஏறக்குறைய 11 கிராம் நிறையுள்ள குண்டு செக்கனுக்கு 740 மீற்றர் அளவான வேகத்துடன் முன்னே பாய்கின்றது. அதே கணத்தில் அதற்கும், வெளியேறும் வாயுவிற்கும் ஈடான உந்தத்துடன் துப்பாக்கி பின்னே பாய்கின்றது. துப்பாக்கி கனமானதாயின் மெல்லத் தள்ளும்; இலேசானதாயின் வேகமாக இடிக்கும். ஒரே தோட்டாவை 9 இறாத்தற் துப்பாக்கியிலும் 7 இறாத்தற் துப்பாக்கியிலும் இட்டுச் சுட்டால், பின்னதன் உதைப்புச் சக்தி கால்பங்குக்கு மேல் அதிகரிக்கின்றது. பகலெல்லாம் நடந்தவனுக்குக் கிடைத்த சலுகையைச் சுடும் கணத்தில் அவனது தோளெலும்பு திருப்பிச் செலுத்துகின்றது. பாரம் அழியவில்லை, இடம் மாறிற்று.

இது வெறும் கணக்கன்று, வரலாறும் ஆகும். இரண்டாவது உலகப் போரின் இறுதிக் காலத்திற் காட்டுப் போருக்கு ஏற்ற இலேசான றைபிள் வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தது. 1944 இல், தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தலைமையகம் தில்லியிலிருந்து பெயர்ந்து வந்து பேராதனைத் தாவரவியற் பூங்காவில் இயங்கிற்று. பர்மாவின் காடுகளில் நடந்த போர் அங்கிருந்தே நெறிப்படுத்தப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஐந்தாம் இலக்க லீ என்பீல்ட் றைபிளின் உற்பத்தி தொடங்கியது. ‘ஜங்கிள் காபைன்’ என்று பின்னாளிற் பெயர்பெற்றது இதுவே. அதற்கு முந்திய நான்காம் இலக்க றைபிள் ஏறத்தாழ 9 இறாத்தல். இதுவோ ஏறத்தாழ 7 இறாத்தல். குழல் 25 அங்குலத்திலிருந்து 19 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவாகக் குறுகிற்று. குழலின் நுனிக்கு அருகுவரை சென்ற முன்கட்டை பாதிவழியில் வெட்டி நிறுத்தப்பட்டது. இரும்பும் ஆங்காங்கே சுரண்டப்பட்டது. தாழின் கைப்பிடிக் குமிழிலுங்கூடத் துளையிடப்பட்டது.

சுமந்தவர்கள் மகிழ்ந்தனர், சுட்டவர்கள் முகஞ்சுளித்தனர். குழல் குறுகியதனாற் குண்டின் வேகம் சற்றே தணிந்தது உண்மையாயினும், உதைப்பைத் தணிக்க அது போதவில்லை. தோளைக் காக்கவெனப் பிடங்கின் முடிவில் றப்பர்த் தகடு பொருத்தப்பட்டது. அத்தகடு பழைய உலோகத் தகட்டிலும் ஒடுக்கமானது. ஆதலின் உதைப்பு முழுவதும் தோளின் சிறிய இடமொன்றிலேயே குவிந்தது. காலம் செல்லச் செல்ல றப்பரும் இறுகிற்று. மேலும், இன்று சரிசெய்த குறி நாளை சரியாயிருப்பதில்லை என்ற முறைப்பாடும் எழுந்தது. இக்குறை வடிவமைப்போடு பிறந்தது, நீக்கமுடியாதது என்று படைத்துறை முடிவுசெய்தது. பிற்காலத்திற் சேகரிப்பாளர் சிலர் அதனை மறுத்ததும் உண்டு. 1947 இறுதியில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 2,50,000 துப்பாக்கிகள் செய்யப்பட்டிருந்தன. 1948 இல் மூண்ட மலாயாப் போரிலும் அவை காடுகளில் உலவின.

இலக்குச் சுடும் போட்டியாளர் சிலர் இதற்கு நேர்மாறானதைச் செய்வது கருதற்பாலது. பிடங்கிற் குடைந்த அதே துளையில் அவர்கள் ஈயத்தை இட்டு நிரப்புவர். கனத்த துப்பாக்கி கையின் நடுக்கத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். உதைப்பையும் தணிக்கும் என்பது அவர்தம் அனுபவம். நடப்பவனுக்குப் பகையான பாரம், நிற்பவனுக்கு நட்பாகின்றது.

பின்னர் வந்தோர் இச்சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தனர். 1960களில் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட எம்-16 றைபிளில் மரம் அறவே நீங்கிப் பிளாஸ்ரிக் அதன் இடத்தைப் பெற்றது. குண்டும் நான்கு கிராமுக்கு உட்பட்டதாகச் சிறுத்தது. துப்பாக்கி ஏறக்குறைய மூன்று கிலோகிராமே. உதைப்பும் மிகச் சிறிது. தோளும் தப்பிற்று, குறியும் தப்பிற்று. தச்சனின் உளியால் முடியாததைத் தொழிற்சாலை முடித்துவிட்டது.

அவ்வாறாயின் பாரம் முடிவில் அழிந்தே போயிற்றா? 1996 இல், ஆயுதப் போர் சிறுவர்களுக்கு விளைக்கும் கேடுகளை ஆராய்ந்து கிறாசா மஷேல் ஐக்கிய நாடுகள் சபைக்கு ஓர் அறிக்கை அளித்தார். முன்னர்க் கனமாகவோ சிக்கலாகவோ இருந்த ஆயுதங்கள் இப்பொழுது சிறுவரும் ஏந்தக்கூடிய அளவிற்கு இலேசாகிவிட்டன என்றும், பத்து வயதுக் குழந்தையும் கழற்றிப் பூட்டத்தக்க அளவிற்கு எளிமையாகிவிட்டன என்றும் அவ்வறிக்கை சுட்டிற்று. ஒன்பது இறாத்தல் மரத்திலும் இரும்பிலும் எவரும் திட்டமிட்டு வைக்காத ஒரு வேலி இருந்தது. சின்னஞ்சிறு தோளுக்கு அது பொருந்தாது. சின்னஞ்சிறு கைகள் அதைக் குறிபார்க்கும் அளவிற்கு நிமிர்த்தமாட்டா. வளர்ந்தவனின் களைப்பைக் கண்டு இரங்கி, ஒவ்வொரு அவுன்ஸாகக் குறைத்துக்கொண்டு வந்தவர்கள், அந்த வேலியின் கம்புகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டனர். அவர்களிற் பலருக்கு அது தெரிந்திருக்கவும் நியாயமில்லை.

தச்சனைக் குறைகூறிப் பயனில்லை. நடப்பவனின் தோள்மீது அவன் கொண்ட இரக்கம் மெய்யானதே. ஆயினும் பட்டறையில் அவன் கால்களைச் சுற்றிக் கிடக்கும் சீவல்களை நோக்குங்கால் ஒரு கேள்வி எழாமற் போகாது. மாலையில் அவன் அவற்றைப் பெருக்கி அடுப்பில் இட்டுவிடுவான். சிறிது நேரத்திற் சாம்பலாகிவிடும். மரத்தின் கணக்கு அத்துடன் தீர்ந்துவிடுகின்றது. அம்மரத்திலிருந்து இறக்கிய பாரம் மட்டும் இன்னொரு தோளைத் தேடிப் புறப்பட்டுவிடுகின்றது. அத்தோள் யாருடையது, எத்துணைச் சிறியது என்பதை உளியை எடுக்குமுன் கேட்கவேண்டியவர்கள் தச்சரல்லர், துப்பாக்கியைச் செய்விப்பவர்களே.