பெத்த உடம்பு

மகளின் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என்று ஊசி போட்ட தேதிகள் அதில் வரிசையாக இருக்கின்றன. பக்கத்தில் அவளுடைய எடை. ஒவ்வொரு முறையும் அவளைத் தூக்கிக்கொண்டு போனவள் நான்தான். அந்த மாதங்களில் என் எடையும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, நாடித்துடிப்பும் மாறிக்கொண்டிருந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. நானும் எழுதி வைக்கவில்லை.

ஐப்பசியில் பிரசவம். கோவில்பட்டியில் அம்மா வீட்டில் இருந்தேன். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, லேகியம், தலைக்குத் துண்டு, காதுக்குப் பஞ்சு. பச்சை உடம்பு, பச்சை உடம்பு என்று சொல்லிச் சொல்லி அம்மா என்னைத் தரையில் கால்பட விடவில்லை. இந்தக் கவனிப்புக்கு நாற்பது நாள் கணக்கு உண்டு. அது முடிந்ததும் வீட்டில் எல்லோர் கண்ணும் பிள்ளை மேல் போய்விடும். ஆஸ்பத்திரியிலும் ஏறத்தாழ அதே கணக்குதான். ஆறாவது வாரம் போனபோது தையல் ஆறிவிட்டதா, ரத்தப்போக்கு நின்றுவிட்டதா, அடுத்த குழந்தைக்கு இடைவெளி விட என்ன செய்யப்போகிறீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டார்கள். “எல்லாம் நார்மல்மா” என்று ஃபைலை மூடிக் கையில் கொடுத்தார்கள்.

ஃபைலை மூடிய பிறகுதான் எனக்கு உடம்பு கெட்டது.

மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன். 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் 26 வாரம் விடுப்பு என்றது. நான் பாடம் நடத்திய தனியார் பள்ளி மூன்று மாதம்தான் தந்தது, அதுவும் பாதிச் சம்பளத்தில். கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் நடுங்கியது. மார்கழிக் குளிரில் ரவிக்கை வியர்த்து நனைந்தது. ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகும் எனக்குத் தூக்கம் வராது. ஓடி வந்தவளைப் போல நெஞ்சு அடித்துக்கொண்டே கிடக்கும். எவ்வளவு சாப்பிட்டாலும் பசித்தது. சேலைக் கொசுவத்தில் இரண்டு மடிப்புக் கூடியது.

“பிள்ளை பெத்தவ மாதிரியே தெரியலையே, என்ன செஞ்சீங்க?” என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெண் இளைத்தால் அது நோயாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கே தோன்றவில்லை.

நெஞ்சு படபடப்பு மட்டும் பயமாக இருந்ததால் ஒரு டாக்டரிடம் போனேன். “வேலைக்கும் போறீங்க, பாலும் கொடுக்கிறீங்க, தூக்கமும் இல்ல. அப்படித்தான் இருக்கும்” என்றார். சத்து மாத்திரை எழுதித் தந்தார். இரண்டு மாதத்தில் படபடப்பு தானாக நின்றது. டாக்டர் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழானது. சித்திரை வெயிலில் எங்கள் வீட்டில் ஃபேனுக்காகச் சண்டை வந்தது. எனக்குக் குளிர்ந்தது. ஃபேனை நிறுத்தச் சொன்னால் கணவருக்கும் பிள்ளைக்கும் வேர்த்துக் கொட்டியது. கடைசியில் அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ப் படுத்தார். நான் அறைக்குள் போர்வையோடு கிடந்தேன். தலை சீவினால் முடி கொத்தாக வந்தது. முகம் வீங்கியது. வாரக்கணக்கில் மலச்சிக்கல். அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்காக அங்கே நிற்கிறேன் என்று யோசித்தேன்.

இதில் மிகவும் மோசமானது இதுதான்: பிள்ளை அழுவது காதில் விழும். எழுந்து போக வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் கையும் காலும் ஈர மணல் மூட்டையாகக் கிடக்கும். நான் எழுவதற்குள் அத்தை போய்த் தூக்கியிருப்பார். “நாங்க நாலு பெத்தோம். மூணாம் மாசம் களையெடுக்கப் போயிட்டோம்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை, போயிருக்கிறார். அவரோடு களையெடுக்கப் போக முடியாமல் வீட்டில் கிடந்தவள் யாராவது இருந்தாளா, அவளை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

அம்மாவுக்கு போன் செய்தால், “பெத்த உடம்பு அப்படித்தான்ட்டி இருக்கும். நான் உன் தம்பியைப் பெத்துட்டு ரெண்டு வருசம் எந்திரிக்க முடியாமத்தான் கெடந்தேன்” என்றாள். எனக்கு அதில் ஆறுதல் கிடைத்தது. அம்மாவும் தாண்டியிருக்கிறாள், நானும் தாண்டிவிடுவேன் என்று நினைத்தேன்.

இரண்டாவதாகப் பார்த்தது ஒரு பெண் மருத்துவரை. பெண் என்பதால் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கையில், இருந்த எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அழுதது தப்பாகப் போயிற்று. அதன் பிறகு குளிரைப் பற்றியோ முடியைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. வீட்டில் பிரச்சினையா, பெண் குழந்தை என்று யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்று கேட்டார். மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். தைராய்டாக இருக்குமோ என்று நானாகக் கேட்டேன். “கர்ப்பத்துல பார்த்திருக்கீங்களே, நார்மல்னு ரிப்போர்ட் இருக்கே” என்றார். அந்த ரிப்போர்ட்டுக்கு வயது ஒரு வருடத்துக்கு மேல்.

மனநல ஆலோசகரிடம் அனுப்பியதில் எனக்கு வருத்தமில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வும் உண்மையான நோய்தான், அதற்கும் சிகிச்சை உண்டு. தைராய்டு குறைந்தாலே மனம் சோர்ந்துபோகும், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆனால் ஒன்றா, மற்றொன்றா, இரண்டுமா என்று பிரித்துப் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும். என் கண்ணீரைப் பார்த்ததும் அது தேவையில்லை என்று முடிவாகிவிட்டது.

ஜூனில் பள்ளி திறந்ததும், லீவு முடிந்து வந்திருந்த கணக்கு டீச்சர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். “குரல் என்ன டீச்சர் இப்படிக் கரகரன்னு ஆயிடுச்சு? மூஞ்சியெல்லாம் ஊதியிருக்கு. எனக்கும் சின்னவன் பொறந்தப்போ இப்படித்தான். டாக்டர் சீட்டெல்லாம் வேண்டாம், லேப்ல போய் டி.எஸ்.எச். எடுக்கச் சொல்லுங்க” என்றார். அன்று சாயங்காலமே போனேன். மறுநாள் தாள் வந்தது. இயல்பான அளவு 0.4 முதல் 4 வரை என்று அச்சிட்டிருந்தது. என்னுடையது 48.

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியை வேலை செய்யச் சொல்லி மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன். சுரப்பி சோர்ந்தால் பிட்யூட்டரி இன்னும் உரக்கக் கத்தும், எண் ஏறும். 48 என்றால் என் உடம்பு எவ்வளவு நாளாகக் கத்திக்கொண்டிருந்தது!

அந்தத் தாளோடு திருநெல்வேலியில் ஒரு ஹார்மோன் மருத்துவரைப் பார்த்தேன். டி.பி.ஓ. எதிர்ப்பொருள் பரிசோதனையும் எடுத்தார். அதுவும் மிக அதிகம். நெஞ்சு படபடத்ததையும் இளைத்ததையும் அவர்தான் கேட்டு வாங்கினார். இரண்டும் ஒரே நோயின் முன்பாதி, பின்பாதி என்று விளக்கினார். கர்ப்ப காலத்தில் வயிற்றுப் பிள்ளைக்காக அடங்கியிருக்கும் நோயெதிர்ப்பு மண்டலம், பிரசவத்துக்குப் பிறகு மீண்டும் எழும். சிலருக்கு அது சொந்தத் தைராய்டையே தாக்கும். அடிபட்ட சுரப்பியிலிருந்து சேமித்து வைத்திருந்த ஹார்மோன் ரத்தத்தில் கசியும். அந்த மாதங்களில்தான் படபடப்பு, வியர்வை, நடுக்கம். சேமிப்புத் தீர்ந்ததும் வறட்சி. அப்போது குளிர், வீக்கம், அசதி. பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகச் சரியாகும். சிலருக்கு நிலைத்துவிடும். பிரசவத்துக்குப் பின்வரும் தைராய்டு அழற்சி என்று இதற்குப் பெயர்.

பிறகு தேடிப் படித்தேன். 1948இலேயே நியூசிலாந்தைச் சேர்ந்த ராபர்ட்டன் என்ற மருத்துவர், பிரசவத்துக்குப் பின் பெண்களுக்கு வரும் அசதி, குளிர், முடி மாற்றங்கள் பற்றியும், தைராய்டுச் சாறு கொடுத்ததில் கிடைத்த பலன் பற்றியும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். 1982இல் ஜப்பானில் நொபுயுகி அமினோவும் சக மருத்துவர்களும் பிள்ளை பெற்ற பெண்களைத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு இது இருந்தது. இருபது பேரில் ஒருத்தி. ஊசி போடும் நாளில் சுகாதார நிலையத்தில் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்திருப்போமே, அந்தப் பெஞ்சில் ஒருத்தி.

எண் கையில் வந்ததும் வீடு மாறியது. கணவர் தானாக ஃபேனை நிறுத்தினார். அத்தை, “அப்பவே சொல்லியிருக்கலாம்ல” என்றார். சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். என் வாயால் சொன்னபோது சோம்பேறித்தனமாக இருந்தது, தாளில் அச்சாகி வந்ததும் நோயாகிவிட்டது. மாத்திரை தொடங்கி ஒரு மாதத்துக்குள், ஒரு நாள் பிள்ளை அழுதபோது நான் எழுந்து நடந்துகொண்டிருப்பதைக் கவனித்தேன். நன்றாக இருந்தது. கோபமாகவும் இருந்தது.

அந்த ஆடி மாதம் அம்மாவை லேபுக்கு அழைத்துப் போனேன். இது குடும்பத்தில் வரக்கூடியது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு 31. தம்பி பிறந்தபோதே தொடங்கியதா, நடுவில் வந்ததா என்று இனிமேல் நிரூபிக்க முடியாது. ஆனால் எங்கள் அப்பா வீட்டில் அம்மாவுக்கு ‘மந்தம்’ என்று ஒரு பெயர் உண்டு. ‘மந்தம் எந்திரிச்சிட்டாளா?’ என்று ஆச்சி கேட்பதைக் கேட்டே வளர்ந்திருக்கிறேன். நானும் தம்பியும் கூட அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ரிப்போர்ட்டைப் பார்த்து அம்மா அழவில்லை. “அப்போ நான் சோம்பேறி இல்லையாட்டி?” என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்ல நேரமாயிற்று.

பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று அவள் என்னிடம் சொன்னது அன்பால்தான். அவளிடமும் யாரோ அன்பாகத்தான் சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல்லை நான் என் மகளுக்குக் கொடுக்கப் போவதில்லை.

இதைப் படிக்கும் பெண்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பிரசவமாகி ஒரு வருடத்துக்குள் காரணமில்லாமல் இளைத்தாலோ, படபடத்தாலோ, பிறகு குளிர்ந்தாலோ, வீங்கினாலோ, எழ முடியாமல் போனாலோ டி.எஸ்.எச். பாருங்கள். கர்ப்பத்தில் எடுத்த ரிப்போர்ட் இதற்குப் பதில் ஆகாது. ஒருமுறை சரியாக இருந்தாலும், தொந்தரவு தொடர்ந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குப் போகும் வழியில் எண் இயல்பாகத் தெரியக்கூடும். தைராக்ஸின் மாத்திரையை எடுத்துக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். முன்பே தைராய்டுத் தொந்தரவோ, டைப் 1 சர்க்கரை நோயோ, குடும்பத்தில் தைராய்டோ இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒன்றரை வருடம் கழித்து மாத்திரையைக் குறைத்துப் பார்த்தோம். எண் மறுபடி ஏறியது. என் சுரப்பி திரும்பவில்லை. தினமும் 75 மைக்ரோகிராம் எடுக்கிறேன். அம்மாவும் எடுக்கிறாள். காலை ஐந்தரைக்கு அவளிடமிருந்து போன் வரும். “போட்டாச்சா?” என்பாள். இருவரும் காபிக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் அல்லவா, அதுவரை பேசிக்கொண்டிருப்போம்.