துப்பறிவாளரும் சிவகாமியும் ஒரே அலமாரியில்

ஓரிக்கை,
காஞ்சிபுரம்.

அன்புள்ள யாழினிக்கு,

அத்தை எழுதுகிறேன். லீவு கிடைத்த வாரம் முழுக்க நாவலாகப் படித்துத் தள்ளினாய் என்று உன் அம்மா சொன்னதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கல்கி, ராஜேஷ்குமார், சுஜாதா, பூமணி என்று நீ அடுக்கியதைக் கேட்டு, “இதையெல்லாம் ஒரே ஆள் படிப்பாளா?” என்று உன் டொராண்டோ தோழி கேட்டாளாம். சரித்திரக் கதை, துப்பறியும் கதை, குடும்பக் கதை, இலக்கியம் என்று தமிழில் எப்போது பிரித்தார்கள் என்று நீயும் கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படுவது 1879-இல் அச்சான பிரதாப முதலியார் சரித்திரம். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதியது. அதை எந்த வகையில் சேர்ப்பது என்று யாராலும் சொல்ல முடியாது. குடும்பக் கதையாகத் தொடங்கும். நடுவில் நாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் ஒரு நாட்டையே ஆள்வாள். கோர்ட்டில் தமிழில்தான் வாதாட வேண்டும் என்று ஒரு பெரிய விவாதம் வரும். இடையிடையே வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் துணுக்குகள். எல்லாம் ஒரே பந்தியில் பரிமாறப்பட்டன.

அடுத்து நடந்ததை நீ நன்றாகக் கவனிக்க வேண்டும். வத்தலக்குண்டு ராஜம் ஐயர், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர், 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி பத்திரிகையில் கமலாம்பாள் சரித்திரத்தைத் தொடராக எழுதினார். ஊர் வம்பு, ஜல்லிக்கட்டு, ஆடுசாபட்டி அம்மையப்பப் பிள்ளை என்ற தமிழ் வாத்தியார், கடைசியில் ஆன்மத் தேடல். இன்றைக்கும் விமர்சகர்கள் மரியாதையோடு பேசுகிற நாவல் அது. அது வந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1894-இல், நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்த பண்டித நடேச சாஸ்திரி, தானவன் என்ற போலீஸ் நிபுணன் குற்றங்களைக் கண்டுபிடிக்கும் கதைகளைப் புத்தகமாகப் போட்டார். இலக்கிய நாவலும் துப்பறியும் கதையும் தமிழில் கூடப் பிறந்தவர்கள். ஒன்று மூத்தது, மற்றது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்ல வழியே இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பறியும் நாவலுக்குத்தான் கொண்டாட்டம். நம் பக்கத்து ஆரணிக்காரர் குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று மூன்று பேர் வாசகர்களைக் கட்டிப்போட்டார்கள். ரங்கராஜுவின் துப்பறிவாளர் கோவிந்தன். வடுவூராருக்குத் திகம்பர சாமியார். இங்கிலாந்தில் ரெயினால்ட்ஸ் எழுதிய பரபரப்பு நாவல்களைத் தழுவி இங்கே பல கதைகள் வந்தன. இலண்டன் சந்துகளில் நடந்த சதியெல்லாம் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் குடிபெயர்ந்தது. பிற்கால விமர்சகர்கள் இவற்றை ஒரு வரியில் ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கதை என்றால் யாரோ படிக்கக் கேட்பது என்றிருந்த ஆயிரக்கணக்கான வீடுகளில், ஒருவர் தனியாக விளக்கடியில் உட்கார்ந்து முந்நூறு பக்கம் படிக்கும் பழக்கத்தை இவர்கள்தான் உண்டாக்கினார்கள்.

பெண்கள் பக்கம் வை.மு. கோதைநாயகி அம்மாள். ஐந்தரை வயதில் கல்யாணம். முதல் நாடகத்தை எழுதுகிற அளவுக்குக் கை பழகாததால், அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதிக் கொடுத்தாள். 1925-இல் ஜகன்மோகினி பத்திரிகையைக் கையில் எடுத்து, அதில் தொடர்ந்து எழுதி 115 நாவல்கள். நடுவில் சுதந்திரப் போராட்டத்தில் ஜெயில். இவரைப் பற்றி இன்னும் நிறைய எழுத வேண்டும், இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 1941-இல் கல்கி தன் பெயரிலேயே பத்திரிகை தொடங்கி, முதலில் பார்த்திபன் கனவு எழுதினார். 1944 முதல் 1946 வரை சிவகாமியின் சபதம். மாமல்லபுரம் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோது இந்தக் கதைக்கு விதை விழுந்ததாக முன்னுரையில் அவரே சொல்கிறார். கதையில் இளைஞன் பரஞ்சோதி காஞ்சிக்குள் நுழைகிற அந்த ஆரம்பத்தை ஓரிக்கையில் இருந்து படிப்பது தனி சுகம். பஸ் ஏறினால் அவன் வந்து சேர்ந்த ஊர். போன தடவை நீ வந்தபோது, கதையின் நாட்டியப் பெண் சிவகாமி ஆடிய இடம் என்று கைலாசநாதர் கோயிலைத்தானே பார்த்துவிட்டு வந்தாய்? அந்தக் கோயில் ராஜசிம்மன் கட்டியது. அவன் கதையில் வரும் மாமல்லன் நரசிம்மவர்மனுக்குக் கொள்ளுப் பேரன். சிவகாமியின் காலத்தில் அங்கே அந்தக் கல் எழும்பியிருக்கவில்லை. சிவகாமியும் அவள் அப்பா ஆயனரும் கல்கியின் கற்பனை. புலிகேசியின் படையெடுப்பு, நரசிம்மவர்மன் வாதாபியை வென்றது, பரஞ்சோதி பிறகு சிறுத்தொண்டர் ஆனது ஆகியவை வரலாற்றிலும் பெரியபுராணத்திலும் இருப்பவை. இரண்டையும் கல்கி தைத்த இடத்தில் தையலே தெரியாது, அதனால்தான் நீ கோயிலைப் பார்த்து ஏமாந்தாய். ஏமாந்ததில் தப்பொன்றும் இல்லை.

நம் வீட்டுப் பெரியவர்கள் வாராவாரம் அந்தத் தொடரின் பக்கங்களைப் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து அட்டை போட்டு வைப்பார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டில் இது வழக்கம். அப்படித் தைத்த புத்தகத்தில் நாவலின் பின்பக்கத்திலேயே சமையல் குறிப்பும், தலைவலித் தைல விளம்பரமும், வேறொருவரின் மர்மக் கதையில் பாதியும் கிடக்கும். வாசகர் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் படித்தார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். வாரப் பத்திரிகைதான் தமிழ் நாவலின் வகைகளை ஒன்றாக வைத்து வளர்த்தது.

காஞ்சிபுரத்திலேயே ஒரு வாரப் பத்திரிகை பிறந்தது உனக்குத் தெரியுமா? 1942-இல் அண்ணா இங்கிருந்து திராவிட நாடு இதழைத் தொடங்கினார். அரசியல் இதழ்தான். ஆனால் அதில் கதையும் நாடகமும் கொட்டிக் கிடந்தன. அதில் தொடராக வந்ததுதான் ரங்கோன் ராதா. கோட்டையூர் தர்மலிங்க முதலியார் சொத்துக்கு ஆசைப்பட்டு மச்சினியையும் மணக்கப் பார்க்கிறார். குறுக்கே நிற்கும் மனைவி ரங்கத்துக்குப் பேய் பிடித்திருக்கிறது, புத்தி பிசகிவிட்டது என்று ஊரை நம்பவைக்கிறார். வீட்டுக்குள்ளேயே நடக்கும் அந்தக் கொடுமையை ஒரு மர்மக் கதையின் வேகத்தில் அண்ணா எழுதினார். சீர்திருத்த நாவல் என்று ஒருவர் சொல்லலாம், குடும்ப நாவல் என்று இன்னொருவர் சொல்லலாம், பயங்கரக் கதை என்று நான் சொல்வேன். 1956-இல் சிவாஜியும் பானுமதியும் நடித்துப் படமாகவும் வந்தது. அண்ணாவின் மேடைப் பேச்சு இங்கே எல்லாருக்கும் தெரியும். இந்த நாவலை எடுத்துப் படிப்பவர்கள் குறைந்துவிட்டது எனக்கு வருத்தம்.

இலக்கியம் வேறு, வாரப் பத்திரிகைக் கதை வேறு என்ற பிரிவு எப்போது வந்தது என்றால், சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் எழுத்து என்ற சிறுபத்திரிகையைத் தொடங்கிய காலத்தை ஒட்டி. வாரத் தொடரின் கட்டாயம் கதையை இழுக்கிறது, வாசகருக்குப் பிடித்ததை மட்டும் எழுத வைக்கிறது என்று க.நா.சு. போன்ற விமர்சகர்கள் கடுமையாகச் சொன்னார்கள். அதில் உண்மை இருந்தது. சிறுபத்திரிகையின் பிடிவாதம் இல்லையென்றால் நல்ல நாவல்கள் பல நமக்குக் கிடைத்திருக்காது. ஆனாலும் அவர்கள் எழுப்பிய சுவரில் ஆரம்பத்திலிருந்தே வாசல்கள் உண்டு. தி. ஜானகிராமனின் மோகமுள் சுதேசமித்திரனில் வந்த தொடர். ஜெயகாந்தனின் சில நேரங்களில் சில மனிதர்கள் தினமணி கதிரில் வந்த தொடர். அதற்கு 1972-இல் சாகித்ய அகாதமி விருது.

நீ படித்த சுஜாதாவும் வாரப் பத்திரிகையின் பிள்ளைதான். 1968-இல் குமுதத்தில் நைலான் கயிறு. வக்கீல் கணேஷ் முதலில் வந்தது அதில். பிறகு என் இனிய இயந்திராவில் ஜீனோ என்ற இயந்திர நாயைக் கொண்டுவந்து, விஞ்ஞானக் கதையைத் தமிழ்க் குழந்தைகள்கூட விரும்பும்படி செய்தார். அவர் வேலை பார்த்தது பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில். அங்கே மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். உத்திரமேரூர் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைத் தேர்தல் கல்வெட்டை நீ பார்த்திருக்கிறாய். ஓலையைக் குடத்தில் போட்ட ஊரில் இன்று அந்த இயந்திரத்தின் பொத்தானை அழுத்துகிறோம். வாக்குச் சாவடியில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஜீனோ ஞாபகம் வரும்.

எண்பதுகளில் மாத நாவல் வந்தது. பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கும். ஒரு பயணத்தில் படித்து முடிக்கலாம். கோயம்புத்தூர் ராஜேஷ்குமாரின் விவேக், ரூபலா; பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா; சுரேஷும் பாலகிருஷ்ணனும் சேர்ந்து சுபா என்ற பெயரில் எழுதிய நரேந்திரன், வைஜயந்தி. ராஜேஷ்குமார் 1500 நாவலைத் தாண்டியவர். கடை வாசலில் அதே கயிற்றில் ரமணிசந்திரனும் தொங்குவார். இவர்களைப் படித்தேன் என்று சொல்ல நீ கூச்சப்படாதே.

கூச்சப்படாமல் அடுத்த புத்தகத்தையும் எடு, அதுதான் நான் கேட்பது. கொலைக் கதை பிடித்த கையோடு நீ பூமணியின் வெக்கையை எடுத்தது சரியான தேர்வு. கொலை செய்துவிட்டு அப்பாவும் பிள்ளையும் ஓடுகிறார்கள். ஒளியும் இடம், சோறு, தண்ணீர், அடுத்து என்ன என்ற பதைப்பு எல்லாம் உண்டு. கொன்றது யார் என்ற ரகசியம் மட்டும் இல்லை. ஏன் என்பதை நிலமும் சாதியும் மெல்லச் சொல்கின்றன. அசுரன் படத்தைப் பார்த்துவிட்டு இதைப் படித்தவர்கள் அதன் நிதானத்தைக் கண்டு வியந்திருப்பார்கள். ராஜம் கிருஷ்ணனைப் படி: தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய்ப் பார்த்து, கரிப்பு மணிகள் எழுதினார். அசோகமித்திரனின் பதினெட்டாவது அட்சக்கோடு, நிஜாம் ஆட்சி முடிகிற நாட்களில் செகந்தராபாத்தில் கிரிக்கெட் ஆடும் ஒரு பையனின் கதை. அதுவும் சரித்திர நாவல்தான், குதிரையும் வாளும் இல்லாமல்.

உன் டொராண்டோவிலேயே எழுத்தாளர் தேவகாந்தன் இருக்கிறார். அவருடைய கனவுச்சிறை ஈழத்தின் போர்க்காலத்தை ஐந்து பாகங்களில் சொல்கிறது. பாரிஸில் இருக்கும் ஷோபாசக்தியின் கொரில்லா சின்னது, ஆனால் தூங்கவிடாது.

கல்கி அச்சு இதழ் 2020-இல் நின்றுவிட்டது. மற்ற வார இதழ்களிலும் தொடர்கதைக்கு இடம் சுருங்கிவிட்டது. ஆனால் ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை வெண்முரசை இணையத்தில் தினம் ஒரு அத்தியாயமாக எழுதி 26 நாவல்களாக முடித்தார். காலையில் எழுந்ததும் அதைப் படித்துவிட்டு வேலைக்குப் போனவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள்.

சிவகாமியின் சபதம் மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மின்னூல் முயற்சி அது. ரங்கோன் ராதா அங்கே கிடைக்காவிட்டால் சொல், அடுத்த பார்சலில் முறுக்கோடு சேர்த்து அனுப்புகிறேன். கரிப்பு மணிகளையும் அதோடு வைக்கட்டுமா, இல்லை ஜனவரியில் நீயே வந்து சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கிக்கொள்கிறாயா?

அன்புடன்,
அத்தை